உள்ளறையில் கேட்கும் சிரிப்பு

இரவு இரண்டு மணிக்கு மன்னார்குடி - திருவாரூர் சாலையில், கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். 108 வந்து அடிபட்ட பையனை ஏற்றிக்கொண்டு போகிறது. அரை மணி நேரத்தில் சொந்தபந்தமெல்லாம் மருத்துவமனை வராந்தாவில் கூடிவிடுகிறது. அத்தா சுவரில் சாய்ந்து நின்று ஓதிக்கொண்டிருக்கிறார். உம்மாவுக்கு அழுது அழுது குரல் கம்மிவிட்டது. அந்த நேரம் பார்த்து, கேசுவாலிட்டியை ஒட்டிய உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. டியூட்டி டாக்டர், இரண்டு சிஸ்டர்கள், ஒரு வார்டு பாய். நாலு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

“எங்க புள்ள உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கான், இவங்களுக்குச் சிரிப்பு கேக்குதா?” என்று மாமா ஒருவர் பல்லைக் கடிக்கிறார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே டாக்டர்தான் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தப் பையனின் தொண்டைக்குள் குழாய் செருகி மூச்சை மீட்டவர். அதே சிஸ்டர்தான் அடங்கிக்கொண்டிருந்த நரம்பைத் தேடிப்பிடித்து ஊசி ஏற்றியவர். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அடுத்த ஆம்புலன்ஸ் வந்தால் கை நடுங்காமல் மறுபடியும் அதையே செய்வார்கள். ஈவிரக்கம் இல்லாதவர்கள் இப்படி உழைக்க மாட்டார்கள். ஈவிரக்கம் இருப்பவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேட, மருத்துவ வேலையிலேயே மிகக் கடுமையான இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அந்த இடம் போர்முனை.

ரயிலை ஓட்டிக்கொண்டு வந்த மருத்துவர்கள்

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை. காயம்பட்டவர்களைப் பார்க்க ஒரு மருத்துவப் படையை அனுப்பியது. 60ஆவது வான்குடை மருத்துவப் படை என்று பெயர். முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொண்ட அந்தப் படைக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். தமிழ்நாட்டுக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், இந்திய ராணுவத்தில் முதன்முதலாக வான்குடையில் குதித்தவர்களில் ஒருவர்.

நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கிய படை, டிசம்பரில் பியாங்யாங் போய்ச் சேர்ந்தது. சீனப் படைகள் போருக்குள் நுழைந்துவிட்ட நேரம் அது. ஐ.நா. படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. “கருவிகளை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்” என்ற நிலை. ஏற்றிச் செல்ல வண்டி கிடையாது. அறுவைக் கருவிகளும் மருந்தும் இல்லாத மருத்துவப் படையால் யாருக்கு என்ன பயன்? கேட்பாரற்றுக் கிடந்த ஒரு ரயில் எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி எஞ்சின் கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைக் கடந்து, கருவிகளோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

1951 மார்ச் 23 அன்று முன்சான் என்ற இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வான்குடை வீரர்கள் குதித்தபோது, அவர்களோடு ரங்கராஜும் சேர்த்து 12 இந்திய மருத்துவப் படையினரும் குதித்தார்கள். இறங்கிய இடத்திலேயே அறுவை மேசை போட்டார்கள். 1954இல் நாடு திரும்புவதற்குள் அந்தப் படை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்திருந்தது. சுமார் 2,300 அறுவை சிகிச்சைகள் செய்திருந்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

இதே போரில், இதே குளிரில், அமெரிக்க ராணுவம் கூடாரங்களில் நடத்திய நடமாடும் அறுவை மருத்துவமனைகளுக்கு ‘மேஷ்’ என்று சுருக்கப் பெயர். 8055ஆவது மேஷில் வேலை பார்த்த அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர், ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் 1968இல் ஒரு நாவல் எழுதினார். கூடாரத்துக்குள் மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்ட கதை அது. 1970இல் திரைப்படமாக வந்தது. 1972 முதல் 1983 வரை தொலைக்காட்சித் தொடராக ஓடியது. மூன்றே ஆண்டு நடந்த போரைப் பற்றிய தொடர் பதினோரு ஆண்டு ஓடிற்று. உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது. ரத்தம் தோய்ந்த கூடாரத்தில் சிரிப்பு எப்படி முளைத்தது என்பதுதான் நமக்கு வேண்டிய அறிவியல்.

அழுத்தம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

ஆபத்து என்று மூளை உணர்ந்த மாத்திரத்தில் ரத்தத்தில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் படபடக்கிறது. தசை முறுக்கேறுகிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு உடம்பில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவுக்குத் தருகிறது. இதை அழுத்த எதிர்வினை என்று அழைப்போம். புலியைக் கண்டால் ஓடவும், எதிரியைக் கண்டால் அடிக்கவும் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

அறுவை மருத்துவரால் ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. குண்டு விழும் சத்தத்துக்கு நடுவில் அசையாமல் நின்று, நூல் அளவு ரத்தக் குழாயைத் தேடி முடிச்சுப் போட வேண்டும். வரிசையாகக் கிடப்பவர்களில் யாரை முதலில் மேசைக்கு எடுப்பது, யாரைக் காக்க வைப்பது, யாரைக் காப்பாற்றவே முடியாது என்று முடிவு கட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. நம் கட்டுக்குள் அடங்காத அழுத்தம் அதிகமானால், முதலில் தளர்வது அந்தப் பகுதிதான் என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். எப்போது நிதானம் அதிகம் தேவையோ, அப்போதுதான் நிதானத்தின் உறுப்பு கைவிடப் பார்க்கிறது.

அச்சத்தை என்ன செய்வது? முகத்தில் காட்டாமல் அமுக்கிவிடலாம் என்று தோன்றும். உளவியலர் ஜேம்ஸ் கிராஸ் இதைச் சோதித்தார். உணர்ச்சியை அமுக்குகிறவர்களின் முகம் அமைதியாகத் தெரிகிறது. உள்ளே உடம்பின் கொந்தளிப்பு தணிவதில்லை. அமுக்கும் வேலையே மூளையின் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், அந்த நேரத்தில் நடந்தவை சரியாக நினைவில் நிற்பதும் இல்லை. இதைவிட நல்ல வழி, நடப்பதை வேறு கோணத்தில் பார்க்கக் கற்பது. இதற்கு மறுபார்வை என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சி மாறாது. அதற்கு நாம் தரும் பொருள் மாறும். பொருள் மாறினால் உடம்பின் கொந்தளிப்பும் அடங்கும்.

நகைச்சுவை என்பது மறுபார்வையின் மிக வேகமான வடிவம்.

மதகு திறந்தால் போதுமா?

சிரிப்பைப் பற்றிய பழைய விளக்கம் வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் ஸ்பென்சரும், 1905இல் சிக்மண்ட் ஃபிராய்டும், தேங்கிய மன ஆற்றல் சிரிப்பாக வடிகிறது என்றார்கள். வெண்ணாற்றில் வெள்ளம் ஏறினால் மதகைத் திறந்துவிடுவதைப் போல என்று நம் பக்கத்தில் சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கிறது, பாதி உண்மையும் கூட. வடிகால் மட்டும்தான் வேலை என்றால் எந்தச் சிரிப்பும் போதும். தனியாகச் சிரித்தாலும் போதும். எதைப் பார்த்துச் சிரித்தாலும் ஒன்றுதான். ஆய்வுகளோ எதைப் பார்த்து, யாரோடு, யாரைக் குறிவைத்து என்ற மூன்றும் முக்கியம் என்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு கேலியைப் பிரித்துப் பார்ப்போம்

முதலில், எதைப் பார்த்து என்ற கேள்வி. அதற்கு ஒரு கேலியை எடுத்துக்கொள்வோம். அதைச் சொன்னவர் வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல். நாஜிகள் 1942இல் அவரைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா, அம்மா, மனைவி மூவரும் வதைமுகாம்களில் இறந்தார்கள். அவர் மட்டும் ஆஷ்விட்ஸ் உட்பட நான்கு முகாம்களைக் கடந்து 1945இல் உயிரோடு வெளியே வந்தார். கடைசி முகாமில் டைஃபஸ் காய்ச்சல்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர்.

கட்டுமான வேலையில் அவருக்குப் பக்கத்தில் உழைத்த நண்பர் ஓர் அறுவை மருத்துவர். பெரிய மருத்துவமனையில் பணியாற்றியவர். இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றார் ஃபிராங்கல். தினம் ஒரு வேடிக்கைக் கதையாவது கட்ட வேண்டும். விடுதலையான பிறகு நடக்கப்போவதாக அது இருக்க வேண்டும்.

அந்தக் கட்டுமான இடத்தில், மேலதிகாரி பார்வையிட வரும்போதெல்லாம் மேஸ்திரி “ம், ஆகட்டும், ஆகட்டும்!” என்ற தோரணையில் கத்தி விரட்டுவான். ஃபிராங்கல் நண்பரிடம் சொன்ன கதையின் சாரம் இது: ‘ஒருநாள் நீ உன் மருத்துவமனைக்குத் திரும்பியிருப்பாய். பெரிய வயிற்று அறுவை நடந்துகொண்டிருக்கும். தலைமை மருத்துவர் வருகிறார் என்று தெரிவிக்க ஊழியர் ஒருவர் ஓடிவருவார். வந்ததும் மேஸ்திரியைப் போலவே ஆகட்டும், ஆகட்டும் என்று கத்துவார்.’

சாதாரணக் கதை. இது என்ன வேலை செய்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, இரண்டு படங்கள் மோதுகின்றன. ஒன்று மண் சுமக்கும் இடம், இன்னொன்று அறுவை அரங்கம். முதலாவதில் அதட்டல் சட்டம். இரண்டாவதில் யாரும் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அங்கே இந்த அதட்டலை வைத்தால் பொருந்தவில்லை. பொருந்தாமைதான் நகைச்சுவையின் விதை.

இரண்டாம் படி, அச்சம் சிறுக்கிறது. முகாமில் அந்தக் குரல் அடிக்கும் உதைக்கும் முன்னறிவிப்பு. கதைக்குள் அதே குரல் ஒரு கோமாளித்தனம். 2010இல் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் முன்வைத்த விளக்கப்படி, ஒன்று நெறி பிறழ்ந்ததாகவும், அதே நொடியில் ஆபத்தில்லாததாகவும் தோன்றினால்தான் சிரிப்பு வருகிறது. ஆபத்து அப்படியே இருந்தால் அச்சம்தான் வரும். பிறழ்வே இல்லையென்றால் சலிப்புதான். ஃபிராங்கல் அந்தக் குரலை எதிர்காலத்துக்கு நகர்த்தி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

மூன்றாம் படி, கதைக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ‘நீ உயிரோடு இருப்பாய். உன் கை மறுபடியும் கத்தியைப் பிடிக்கும்.’ இதை நேராகச் சொல்லியிருந்தால் நண்பர் நம்பியிருக்க மாட்டார். சிரித்தபோது, ஒரு கணமாவது அந்த அறுவை அரங்கில் நின்றிருப்பார். இதுதான் மறுபார்வை.

நான்காம் படி, கேலி யாரைக் குறிவைக்கிறது? மேஸ்திரியையும், முகாம் தங்களுக்குள் பதித்துவிட்ட பழக்கத்தையும். பக்கத்தில் செத்துக்கொண்டிருப்பவனை அல்ல.

ஐந்தாம் படி, தினம் ஒன்று என்ற கணக்கு. மனம் நல்ல நிலையில் இருந்ததால் அவர்கள் கதை கட்டவில்லை. மனத்தை அந்த நிலையில் வைத்திருப்பதற்காகக் கட்டினார்கள். இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், துன்பம் வரும்போது நகைக்கச் சொல்லித்தான் அதைத் தொடங்குகிறார். வியன்னா மருத்துவர் முகாமுக்குள் செய்து பார்த்ததும் அதையே.

நாலு பேர் சேர்ந்து சிரித்தால்

அடுத்தது, யாரோடு என்ற கேள்வி. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன் கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் சிரிப்பதை ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைக் குறித்தார். அவற்றில் துணுக்கு என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் “சரி, அப்புறம் பார்ப்போம்” போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்தவை. தனியாக இருக்கும்போதைவிட ஆட்களோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். சிரிப்பு முதலில் ஓர் உறவுச் சைகை. நகைச்சுவை அதற்கு ஒரு சாக்கு.

ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர் இதை உடம்பிலேயே அளந்தார்கள். ஆட்களைக் கூட்டமாக உட்காரவைத்து, சிலருக்கு நகைச்சுவைப் படமும் சிலருக்குச் சாதாரணப் படமும் காட்டினார்கள். முன்னும் பின்னும் அவர்கள் எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். கையில் உறைகுளிர்ந்த உறையை மாட்டுவது ஒரு முறை. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை இறுக்கிக்கொண்டே போவது இன்னொன்று. சேர்ந்து சிரித்தவர்கள் கூடுதல் வலியைத் தாங்கினார்கள். வயிறு குலுங்கச் சிரிக்கும்போது மூச்சு விட்டுவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. விலா எலும்புத் தசைகள் களைக்கின்றன. மூளை எண்டார்பின் என்ற தன் சொந்த வலிநீக்கியைச் சுரக்கிறது. வலியைத் தணிக்கும் அதே பொருள்தான் பக்கத்தில் இருப்பவர்மேல் ஒட்டுதலையும் வளர்க்கிறது.

இப்போது கேசுவாலிட்டி உள்ளறைக்கு வருவோம். நைட் டியூட்டிக்கு டாக்டர் வந்ததும் சிஸ்டர் சொல்வார்: “சார், நீங்க வந்துட்டீங்கல்ல, இனிமே ஆம்புலன்ஸ் வரிசை கட்டும்.” அவர், “சிஸ்டர், கேஸ் இல்லைன்னு மட்டும் வாயைத் தெறந்து சொல்லிடாதீங்க” என்பார். வெளியே வந்து சொன்னால் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அதன் பொருள் வேறு: ‘என்ன வரும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் சேர்ந்தே பார்த்துக்கொள்வோம்.’

சமூகவியலர் எர்விங் கோஃப்மன் அறுவை அரங்குகளைக் கவனித்து 1961இல் எழுதியதும் இதையே காட்டுகிறது. பயிற்சி மருத்துவர் தடுமாறும்போது தலைமை அறுவை மருத்துவர் பல நேரம் திட்டுவதில்லை, ஒரு கேலியால் கடந்துவிடுகிறார். திட்டினால் நடுங்குகிற கை இன்னும் நடுங்கும். கேலி, ‘தவறைப் பார்த்தேன், உன்னை விட்டுவிடவில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

யாரைக் குறிவைத்து?

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஆண்ட்ரியா சாம்சனும் ஜேம்ஸ் கிராஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை வருத்தும் படங்களை ஆட்களுக்குக் காட்டினார்கள். ஒரு தரப்பினர் அவற்றைக் கனிவான நகைச்சுவையோடு பார்க்க வேண்டும். வாழ்க்கை இப்படித்தான், மனிதர்கள் இப்படித்தான் என்ற பரிவு அதில் இருக்கும். இன்னொரு தரப்பினர் படத்தில் இருப்பவர்களை மட்டம் தட்டிச் சிரிக்க வேண்டும். வருத்தத்தைக் குறைப்பதில் கனிவான நகைச்சுவையே மேலாக நின்றது. குத்தலான சிரிப்பு தூரத்தை உண்டாக்குகிறது, பொருளை மாற்றுவதில்லை.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அந்த நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. மனிதச் சிரிப்பில் எள்ளல் எவ்வளவு எளிதாகப் புகுந்துவிடும் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள்.

மருத்துவமனைப் படிநிலையில் எள்ளல் ஒரே திசையில்தான் ஓடும். ரோஸ் கோசர் என்ற சமூகவியலர் ஒரு மனநல மருத்துவமனையின் பணியாளர் கூட்டங்களில் பேசப்பட்ட கேலிகளைக் குறித்துவைத்து 1960இல் எழுதினார். மூத்த மருத்துவர்கள் அதிகம் கேலி பேசினார்கள். கேலிக்கு ஆளானவர்கள் இளையவர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரை யாரும் கேலி செய்யவில்லை. ‘மேஷ்’ திரைப்படத்தைத் திரும்பப் பார்த்தாலும் இது உறைக்கும். ஆண் மருத்துவர்கள் தங்கள் களைப்பைக் கழுவிக்கொள்ளத் தலைமைச் செவிலியரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்கள். அவரும் அதே போரில், அதே ரத்தத்தில் நிற்பவர். ஒருவருக்கு மருந்தாகும் சிரிப்பு அவருக்குக் காயமாகிறது. அதைச் சமாளிப்பு என்று ஏற்க முடியாது. அது அழுத்தத்தைக் கீழே இருப்பவர் தலையில் இறக்கிவைப்பது.

நோயாளியைக் குறிவைக்கும் கேலி இதைவிட மோசம். படுத்திருப்பவர் கேலிப்பொருளாகிவிட்டால், அவர் வலி என்று சொல்வது காதில் விழாது. அப்போது சிகிச்சையே கெடும்.

சிரிப்பால் முடியாதது

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மருத்துவப் பணியாளரின் சிரிப்பு மூன்று நிபந்தனைகளோடு நன்மை செய்கிறது. அது நிலைமையைப் பார்த்தோ தன்னைப் பார்த்தோ இருக்க வேண்டும். சேர்ந்து உழைப்பவர்களோடு இருக்க வேண்டும். துயரத்தில் நிற்பவர் காதில் விழக் கூடாது. மூன்றாவது நிபந்தனைக்கு வேண்டியது நல்ல மனம் மட்டுமல்ல, கதவு உள்ள ஓர் அறையும்தான். நம் மருத்துவமனைகள் பலவற்றில் பணியாளர் ஐந்து நிமிஷம் உட்கார, வராந்தாவையோ சத்தம் வெளியே கேட்கும் உள்ளறையையோ விட்டால் வேறு இடம் இல்லை. வராந்தாவில் நிற்கும் அந்த உம்மாவின் காதில் சிரிப்பு விழுந்ததற்குக் காரணம் சிஸ்டரின் கல்மனம் அல்ல, கட்டடத்தில் இருக்கும் குறை.

மூத்தவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கேலி எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். முதல் கேலியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் டாக்டரின் யூனிட்டில், செவிலியர் பயமின்றி “சார், மருந்து அளவு சரியா பாருங்க” என்று கேட்க முடியும். அந்த ஒரு கேள்வி உயிர் காக்கும். நேற்றுவரை எல்லோரோடும் சிரித்தவர் ஒரு வாரமாகச் சிரிக்கவே இல்லை என்றாலும், அவர் கேலியில் திடீரென்று விஷம் ஏறினாலும் அதைக் குணக்கேடு என்று ஒதுக்கக் கூடாது. தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டார் என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டு, ஓய்வும் உதவியும் தர வேண்டும்.

சிரிப்பு அடுத்த ஒரு மணி நேரத்தைத் தாங்க வைக்கும். அடுத்த பத்து ஆண்டுகளைத் தாங்க வைக்காது. அதற்குத் தூக்கம் வேண்டும், போதிய ஆட்கள் வேண்டும், மாற்று ஷிப்ட் வேண்டும், மனம் நொந்தால் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டும். போர்முனையில் இவற்றைக் கொடுக்க வழியில்லாமல் போகலாம். அங்கே பன்னிரண்டு பேர் வான்குடையில் இறங்கி அறுவை மேசை போட வேண்டியிருந்தது. திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் போர் நடக்கவில்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவர் சிரித்துச் சமாளிப்பதைப் பார்த்து மெச்சுவது, அவரைப் போர்முனையில் நிறுத்துவதற்குச் சமம். சிரிக்கத் தெரிந்த பணியாளர்கள் நமக்கு வாய்த்திருக்கிறார்கள். சிரித்துத்தான் தப்பிக்க வேண்டும் என்ற நிலையில் அவர்களை வைக்காமல் இருப்பது நம் கடமை.